குறட்டைக்காரர்களின் மனைவிகள்

சமூக வலைத்தளங்கள் புதிதாக முளைத்த காலம். பழைய பாட்டுக்கு ஒரு குழு, பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு குழு என்று ஆளாளுக்குக் கூடிக் கும்மாளம் போட்டார்கள். நான் ‘குறட்டைக்காரர்களின் மனைவிகள்’ என்று ஒன்று தொடங்கினேன். சிரிக்காதீர்கள், ஆறே மாதத்தில் நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். தூக்கம் போனாலும் வாய் போகாதவர்கள்.

பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் எடை மெஷின் பழுது பார்ப்பவர். வாரத்தில் மூன்று நாள் வெளியூர். அந்த மூன்று நாளும் குழுவே கதி என்று கிடப்பேன்.

புதிதாகச் சேர்கிறவள் தன் வீட்டுக் குறட்டையை ஒரு நிமிடம் பதிவுசெய்து போட வேண்டும், அதுதான் வழக்கம். தலைவி நான் கேட்டுப் பட்டம் கொடுப்பேன். ஒருவர் ‘மரம் அறுக்கிற மிஷின்’, இன்னொருவர் ‘கிளம்பாத பஸ்’. என்னவர் ‘குக்கர்’. மூன்று இழுப்பு, ஒரு விசில், மூச்சே நின்றதுபோல் அமைதி, கடைசியில் யாருக்கோ சம்மதம் சொல்வதுபோல் ஒரு ‘ம்’. குழுவில் எல்லோருக்கும் அது மனப்பாடம். அவருக்கே பலமுறை போட்டுக்காட்டி மானத்தை வாங்கியிருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை ‘ஒத்தத் தலகாணி’ என்ற பெயரில் ஒருத்தி சேர்ந்தாள். அவள் பதிவைத் திறந்தேன். மூன்று இழுப்பு, விசில், அமைதி, ‘ம்’.

பழைய உறுப்பினர் ‘இடிதாங்கி’ முந்திக்கொண்டாள். “அக்கா, உங்க வீட்டு குக்கரை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க போல!” கீழே பன்னிரண்டு பேர் சிரித்திருந்தார்கள். ஏன், உலகத்தில் ஒரே மாதிரி இரண்டு குறட்டை இருக்கக் கூடாதா என்று என்னையே அதட்டினேன்.

புதியவளுக்குத் தனியாக எழுதினேன். “கல்யாணமாகி எத்தனை வருஷம்மா?”

“ஒம்போது வருஷம்க்கா. நல்லவேளை, பாதி நாள் வெளியூர் போயிடுவார். அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கமே.”

எங்களுக்கு ஆறு வருஷம். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவர் பெயரென்ன, வேலையென்ன என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. நான் சரியான பயந்தாங்கொள்ளி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வந்தார். பையைக்கூட இறக்கவிடாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, அந்தப் பதிவை ஓடவிட்டேன். வேறு யாரோ என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சொல்லியிருந்தால் அப்படியே நம்பியிருப்பேன்.

‘ம்’ வந்ததும் அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. “சீ, நான்தானே இது! மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? எப்ப எடுத்தே?”

“நான் எடுக்கலைங்க” என்றேன்.