முட்டைக்கோஸ் ஊறிய ஜாடி

செத்துப்போன சித்தப்பாவின் முகத்தை உர்ஷுலா மழித்துக்கொண்டிருந்தாள். ஒரு கன்னம்தான் முடிந்திருந்தது. அதற்குள் பக்கத்து அறையில் அலமாரியைத் திறக்கும் சத்தம்.

"ஃபாதர், உடம்பு இன்னும் ஆறல. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"தப்பா எடுத்துக்காதம்மா. ஆயர் ரெண்டு தடவ போன் பண்ணிட்டார்," என்றார் பாதிரியார் ஸேனன். கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகம் அவர் பொறுப்பு. சித்தப்பா கலிக்ஸ்ட் அங்கே தலைவராக, ரெக்டராக இருந்தவர். ஊரில் ஒழிக்கப்பட்ட யூதர்களின் வரலாற்றை எழுதிய பாதிரியார் என்று வெளிநாடு வரை பேர். அந்தக் காகிதங்களுக்குத்தான் இத்தனை பரபரப்பு.

சவரக்கத்தியும் நுரையுமாக உர்ஷுலா போய் நின்றாள். மஞ்சள் தோல் அட்டை போட்ட கோப்புகள் மேசையில் கிடந்தன. போன குளிர்காலத்தில் கூரை ஒழுகி நனைந்தவை. ஸேனன் ஒன்றைத் திறக்க, உள்பக்கம் ஒட்டியிருந்த வெள்ளைத்தாள் கையோடு உரிந்து வந்தது. அடியில் கறுப்பு எழுத்து, வரிவரியாக.

படிக்கத் தெரியாவிட்டாலும் அவளுக்கு அந்த எழுத்தைத் தெரியும். பின்னால் இடிக்கப்பட்ட யூத ஜெபக்கூடத்தின் வாசல்மேல் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள்.

"இது அவங்க தோல்ல எழுதி வெக்கிற வேதச் சுருளா?"

ஸேனன் அடுத்ததையும் உரித்துப் பார்த்தார். "யுத்தம் முடிஞ்ச சமயம்மா. பைண்டர்கிட்ட வேற என்ன இருந்திருக்கும்? இந்தத் தோல செருப்புக்குள்ளயே வெச்சுத் தெச்சாங்க. ஊரே செஞ்சதுதான்."

"பைண்டரா? சித்தப்பாவே ஒட்டினாரு. பசை காய்ச்சிக் குடுத்தவ நான்."

அப்போது அவள் இந்த வீட்டுக்குச் சமைக்க வந்த புதிது. கட்டி தட்டாமல் காய்ச்சு என்று அடுப்படி வரை வந்து சொன்னவர், கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். யூதர்களுக்காக உருகி உருகி எழுதியதையெல்லாம் அவர்களுடைய வேதத்தையே கிழித்துச் சுற்றிவைத்திருக்கிறார். அவளும் அந்த அட்டைகளை வாரம் தவறாமல் வினிகர் தொட்டுத் துடைத்திருக்கிறாள். அந்த வாடை இப்போது மூக்கில் ஏறியது. சமையலறைக்கு ஓடி, தொட்டியில் வாந்தியெடுத்தாள்.

திரும்பி வந்தபோது ஸேனன் அட்டைகளைக் கழற்றி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இத அடுப்புல போட்டுருவோம். பெரிய மனுஷன் பேரு கெட வேணாம்."

"எந்த அடுப்புல? இழவுக்கு வர்றவங்களுக்கு சூப் வெக்கிற அடுப்புலயா?" அவள் அட்டைகளுக்கும் அவருக்கும் நடுவே வந்து நின்றாள். "காகிதத்த அள்ளிட்டுப் போங்க. தோலத் தொடாதீங்க."

கையில் இன்னும் சவரக்கத்தி இருந்ததை அப்புறம்தான் பார்த்தாள். ஸேனன் முன்பே பார்த்திருந்தார். காகிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

சித்தப்பாவின் மறுகன்னத்தை வேறு யாரோ வந்து மழித்தார்கள்.

ஊரில் மிஞ்சியிருந்த யூதர் பெரல் ஒருவர்தான். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். உர்ஷுலா அட்டைத் தோல்களைத் துணியில் மூட்டை கட்டி அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் அவிழ்த்துக் காட்டியதும் தோலைத் தடவினார். வாசிக்கவில்லை.

"எங்க இருந்துது?"

"அவரு மேசைல."

பெரல் கையை எடுத்துக்கொண்டார். "அந்த மேசைல உக்காந்து எத்தன டீ குடிச்சிருப்பேன். எங்கப்பா பேரு, செத்தவங்க பேரு, ஒண்ணொண்ணா கேட்டு எழுதிக்குவாரு. என் முழங்கை இது மேலதாம்மா இருந்திருக்கும்."

உர்ஷுலா தோல்களை மறுபடி துணியில் சுற்றினாள்.

"கெட்டுப்போன வேதத்த, மனுஷங்களப் பொதைக்கிற மாதிரி பொதைக்கணும், அதான் எங்க வழக்கம்," என்றார் பெரல். "ஒரு மண் ஜாடி வேணும்."

"முட்டைக்கோஸ் ஊறப்போடுற ஜாடிதான் இருக்கு. எவ்வளவு கழுவினாலும் நாறும்."

"கொண்டா. இது அதவிட நாத்தத்துல இருந்துட்டுதான் வருது."

சித்தப்பாவின் அடக்கத்தன்று காலையில், புதர் மண்டிய யூதர் கல்லறைத் தோட்டத்தில், பெரல் குழி வெட்டினார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. உர்ஷுலா மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள். பெரல் தன் மொழியில் ஏதோ ஜெபத்தை முணுமுணுக்க, அவள் ஜாடியை இறக்கி, கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினாள்.

நண்பகலில் சித்தப்பாவின் குழியருகே ஆயர் பேசினார். அழிந்த மக்களின் உற்ற நண்பர் என்றார். பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். பேச்சு முடிந்ததும் ஸேனன் மண் வைத்த தட்டை நீட்டினார்.

"உர்ஷுலா, நீதாம்மா மொதப் பிடி போடணும்."

சனம் முழுக்க அவளையே பார்த்தது. நகக்கண்ணில் காலையில் ஏறிய மண் இன்னும் கறுப்பாக இருந்தது. அவள் தட்டைத் தொடாமல் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.