சவவண்டிச் சாவி

தொண்ணூற்றோராம் ஆண்டு. ஜனாதிபதிக்கு எதிராகப் பாராளுமன்றத்தில் குற்றப்பிரேரணை என்று ஊரே கதைத்துக்கொண்டிருந்த நேரம். கொட்டாஞ்சேனையின் மரண உதவிச் சங்கமொன்றிலும் அப்படியொன்று கிளம்பியது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, அங்கத்தவர் ஒருவரின் வீட்டில் இறந்துபோன கிழவருக்குச் சங்க வண்டியைத் தரமாட்டேன் என்று தலைவர் ஸ்ரனிஸ்லாஸ் மறுத்திருந்தார்.

"வடக்குப் பிணத்தை ஏத்தினா நாளைக்குப் பொலிஸ் என்ர வாசல்லதான் நிக்கும்."

அவரை நீக்கும் பிரேரணையை எழுதியவன் செயலாளர் நோபேட். வெள்ளவத்தையில் மாலை வகுப்பில் சட்டம் படிப்பவன். ஒரு வரி எழுதினால் இரண்டு தரம் சந்தேகப்படுபவன். ஏழு பேர் ஒப்பமிட்டால்தான் பிரேரணை செல்லும். ஏழே பேர்தான் ஒப்பமிட்டார்கள். முதல் ஆள் ஐறீன்.

"விசாரணை முடியுமட்டும் வண்டிச் சாவிய அந்தாளிட்ட இருந்து வாங்கோணும் எண்டும் எழுதுங்கோ தம்பி."

"குற்றம் நிரூபிக்க முதல் அதிகாரத்தைப் பறிச்சா அது தண்டனை அக்கா. நீதியில்லை."

"பாம்பில வழக்குப் போட்டிட்டுப் பல்லை விட்டுவைக்கிறியள்."

அவள் சொன்னதை எழுதிப் பார்த்த நோபேட், பிறகு அந்த வரியை அடித்துவிட்டான்.

வாக்கெடுப்பு ஞாயிற்றுக்கிழமை. வியாழனன்று ஐறீனின் தகப்பன் கண்ணை மூடினார். சங்க வண்டி வராத பிணத்தை அந்தத் தெருவில் அநாதைப் பிணம் என்பார்கள்.

செத்தவீட்டுக்கு ஸ்ரனிஸ்லாஸ் வந்தார். பிணத்தின் முன் சிலுவை போட்டார். சாவியை விரலில் சுழற்றினார்.

"வண்டி துடைச்சு வச்சிருக்குப் பிள்ளை. ஆனா எனக்கு எதிரா ஒப்பம் வச்ச கையால எப்பிடி வண்டி கேப்பாய்?"

"அது சங்கத்தின்ர வண்டி," என்றான் பக்கத்தில் நின்ற நோபேட்.

"ஓம் மல்லி," என்று சிங்களத்தில் தம்பி முறை சொன்னார் ஸ்ரனிஸ்லாஸ். "சாவி ஆரிட்ட? நீர்தானே விட்டுவச்சனீர்!"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இண்டைக்கே செயற்குழுவக் கூட்டுவம்," என்றான் நோபேட்.

"கூட்டுறது ஆர்? தலைவர்தானே?"

ஐறீன் தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். "அந்தத் தாளைத் தாங்கோ," என்று நோபேட்டிடமிருந்து பிரேரணையை வாங்கித் தன் பெயரை வெட்டினாள். மிச்சம் ஆறு பேர். பிரேரணை அதோடு செத்தது.

பின்னேரம் வண்டி வந்தது. பெட்டிக்குத் தோள் கொடுக்க நோபேட் குனிந்தான்.

"நீங்க வேண்டாம்," என்றாள் ஐறீன். "உங்கட நீதியத் தூக்கிக்கொண்டு பின்னால வாங்கோ."

முன்னால் நின்ற ஸ்ரனிஸ்லாஸ் சங்கத்தின் கறுப்புக் கொடியை அவனிடம் நீட்டினார்.

"நேராப் பிடியும் மல்லி. தலைவர் சொல்றன்."

நோபேட் பிடித்தான்.