மீட்டர் போட்ட கை

வாடகைக் காரை விற்பதென்று டிரைவர் முடிவு செய்துவிட்டார். குடலில் கேன்சர். மருந்து பாதிதான் ஏறியிருந்தது. அந்தப் பாதிக்கே வீட்டில் நகை என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

மீதி மருந்துக்கான பணத்தை மாதாமாதம் கட்டலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் அதற்கு வீட்டில் ஒருவருக்காவது வருமானம் இருக்க வேண்டும்.

"நான் ஓட்டறேன்" என்றாள் மனைவி.

லைசென்ஸ் இருந்தது. அவர் படுத்த பிறகு ஆஸ்பத்திரிக்கு அவள்தான் ஓட்டினாள். ஆனால் வாடகைக்கு ஓட்ட அவர் சம்மதிக்கவில்லை.

"என்னை ஏத்திட்டுப் போறது வேற. காசு குடுக்கிறவன ஏத்திட்டுப் போறது வேற."

"ஏன், காசு குடுக்கிறவன் கனமா இருப்பானா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மச்சினனிடம் ஆள் பார்க்கச் சொன்னார்.

மச்சினன் அழைத்து வந்தவர் மெத்தைக் கடைக்காரர். மகனுக்காக வாங்குகிறார். அவருக்கு ஓட்டத் தெரியாது.

"ஒரு ரவுண்டு போய்ப் பாத்துரலாமே" என்றார்.

மனைவி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் டிரைவர், கம்பளிக் குல்லாவோடு. மற்ற இருவரும் பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினார்கள்.

"ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும். கிளட்ச்ச விடு. விடுன்னா ஒரேயடியாவா விடுவாங்க?"

"பேசாம வாங்க."

"மாமாவுக்கு உடம்புதான்க்கா எளச்சிருக்கு" என்றான் மச்சினன். "வாய் அப்படியே இருக்கு."

மெத்தைக்காரர் மார்க்கெட் வாசலில் நிறுத்தச் சொன்னார். ஒரு மூட்டை வெங்காயத்தோடு வந்தார்.

"டிக்கி எவ்வளவு தாங்குதுன்னு பாக்கணும்ல."

அப்புறம் ரிப்பேர் கடையில் ஒரு மேஜை ஃபேன். அப்புறம் ஒரு சந்துக்குள் பஞ்சு மூட்டை. சந்தில் லாரி எதிரே வந்தது. லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். அவள் கண்ணாடியைப் பார்த்து, சுவரில் உரசாமல், சந்து முழுக்க ரிவர்ஸிலேயே வந்தாள். டிரைவர் வாயைத் திறக்கவில்லை.

எல்லாவற்றையும் தன் கடையில் இறக்கிய பிறகு மெத்தைக்காரர் மறுபடி பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து விலை சொன்னார். கேட்டதில் பாதி.

"சீட்டு அமுங்கிப் போச்சு. மத்தவங்க கண்ணுக்குத் தெரியாது. நான் மெத்தைக்காரன்."

டிரைவர் குல்லாவைக் கழற்றித் தலையைத் தடவினார். சரி என்று சொல்லப்போகிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் முன்னால் பார்த்தாள்.

"என்னங்க, மீட்டர் ஓடுது."

"யார் போட்டா?" என்றார் டிரைவர்.

"நான் பின்னாடி இருக்கேன் மாமா."

"என் ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருந்துச்சு. நீங்கதானே கத்தினீங்க?"

எல்லாரும் அவர் கையைப் பார்த்தார்கள். ஊசி குத்திக் குத்திக் கறுத்த கை. அவரும் பார்த்தார்.

"பின் கதவு சாத்துற சத்தம் கேட்டா இந்தக் கை தானா மீட்டருக்குப் போயிடும். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப பின்னாடி யாரும் இல்ல, அதான் தெரியல. நான் ஓட்டினாத்தான் போடும்னு நெனச்சேன்."

"நான் ஓட்டறத கை ஒத்துக்கிச்சு" என்றாள். "நீங்கதான் பாக்கி."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். மீட்டரை நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பினார்.

"மீட்டர் காச முதல்ல குடுத்துருங்க."

"ஓட்டிப் பாத்ததுக்கு வாடகையா?"

"ஓட்டிப் பாக்க வந்தது நீங்க. வெங்காயம் சவாரிதானே வந்துச்சு?"

மச்சினன் சிரிப்பை அடக்கத் தெருவைப் பார்த்தான். மெத்தைக்காரருக்கு அடக்க முடியவில்லை. தொப்பை குலுங்கச் சிரித்துக்கொண்டே பணத்தை எடுத்தார்.

"சரி, வண்டி?"

"விக்கிறதுக்கில்ல. ஓட்ட ஆள் இருக்கு."

"அப்ப நாளைக்குக் காலைல தலகாணி மூட்டை போகணும். வருவீங்களா?"

"டிரைவர் அங்க. அங்க கேளுங்க" என்று அவளைக் காட்டினார்.

அவள் விரலை மடக்கி நாளை எண்ணினாள்.

"ஆஸ்பத்திரி இல்லாத நாள்தான். நாளைக்கு வரேன்."

மெத்தைக்காரர் இறங்கிப் போனார். மச்சினனும் இறங்கி நின்று கைகால்களை உதறினான்.

"அக்கா, அப்படியே என்னையும் வீட்ல எறக்கிவிட்டுரு."

மறுபடி ஏறிக் கதவைச் சாத்தினான். டிரைவரின் கை எழுந்தது.

"மாமா! நான் சொந்தக்காரன்!"

"அதான் வெயிட்டிங் சார்ஜ் போடல" என்றார் டிரைவர்.