ஓடை வாயில் இரும்புக் கதவு

பட்டறைக்காரர் தம் கொழுந்தியாளுக்கு நாற்காலி போடவில்லை. பட்டறையின் பின்சுவரில் அவள் சிவப்புச் சாயத்தால் கோடு இழுத்த நாளிலிருந்து அவளிடம் அவர் முகங்கொடுத்துப் பேசியதும் இல்லை. நகராட்சிப் பொறியாளராகிய அவளும் உட்கார வரவில்லை. கையெழுத்து வாங்கவே வந்திருந்தாள்.

"ஒன்பதடி, மாமா. இந்தச் சுவர் ஓடைக்குள்ள நிக்குது. இதோட சேத்து பதினாலு சுவர் பின்னால போனாத்தான் ஓடை பழைய அகலத்துக்கு வரும். மழைக்கு முன்னாடி முடிக்கணும்."

"நான் கட்டும்போது அங்க ஓடையா இருந்துச்சு? உங்க ஆபீஸ் அள்ளாத குப்பைதான் இருந்துச்சு. உங்கக்கா சோறு போட்டு வளத்ததுக்கு நல்லா நன்றி காட்டிட்டே."

"அக்கா போட்ட சோத்துக்கு அக்காகிட்ட நன்றி சொல்லிக்கிறேன். நீங்க கையெழுத்தப் போடுங்க."

அவர் போடாவிட்டால் மற்றப் பதின்மூன்று பேரும் போடமாட்டார்கள் என்பதை இருவரும் அறிவர். தெருவில் அவருடைய மதிப்பு அத்தகையது. மூன்றாண்டுகளுக்கு முன் கடல் பொங்கி ஓடை வழியே வீடுகளுக்குள் புகுந்தபோது, கடற்கரைச் சாலைக்கு அடியில் ஓடை வெளியேறும் குழாயின் வாயில் ஓர் இரும்புக் கதவைத் தொங்கவிட்டவர் அவரே. மேல்விளிம்பில் கீல்; ஓடை தள்ளினால் திறக்கும், கடல் தள்ளினால் மூடும். அதன்பின் கடல்நீர் தெருவை எட்டிப் பார்க்கவில்லை. ஆயினும் சென்ற ஆண்டு மழைநீர் மூன்று நாள் இடுப்பளவு நின்றது. தெரு நகராட்சியைத் திட்டியது. அவரும் சேர்ந்து, சற்று உரக்கவே திட்டினார்.

"காலையில கடல் உள்வாங்கினப்போ குழாய் வாய்ல இறங்கிப் பாத்தேன்," என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "கதவோட கீழ் ஓரத்துல ரெண்டு எடத்துல வெல்டு வச்சிருக்கு. திறக்கவே திறக்காது. அது யார் கைன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் திருடனுக்குத் தேள் கொட்டியது போல் நின்றார். சென்ற ஆண்டுக் கோடையில் அலைக்கு அலை அந்தக் கதவு தடதடவென்று அடித்துக்கொண்டது. பக்கத்துத் தையற்காரர் காது போகிறதென்று புலம்பினார். மழைக்காலத்துக்கு முன் வெட்டிவிடலாம் என்றெண்ணித்தான் பற்றவைத்தார். பின்பு அடியோடு மறந்துபோனார். வெள்ளம் கதவிடுக்கு வழியே மெல்ல வடிந்தபின் நினைவு வந்தது. சொல்ல நா எழவில்லை. வெட்டப் போனால் சாலையில் போகிறவர்கள் ஏனென்று கேட்பார்கள் என அஞ்சி அப்படியே விட்டுவிட்டார்.

"மிரட்டுறியா?"

"அறிக்கையில இன்னும் எழுதல. நீங்க போட்டா எழுதவும் மாட்டேன், வெளிய சொல்லவும் மாட்டேன். மிரட்டல்னே வச்சுக்குங்க."

தாள் கிழியும்படி அழுத்திக் கையெழுத்திட்டார்.

வாசலில் தெருவே கூடியிருந்தது. அவள் நீட்டிய தாளைக் கண்டதும் தையற்காரர் சிரித்தார்.

"பாத்தீங்களாய்யா, அண்ணன் மாமனார் வீட்டுப் பக்கம் சாஞ்சுட்டாரு. கொழுந்தியா கண்ணைக் கசக்கினா நம்ம சுவர் இடியணுமாம். போம்மா, எங்கள்ல ஒருத்தனும் போடமாட்டான். தண்ணி நின்னதே உங்க ஆபீஸாலதான். என் அஞ்சு மெஷினும் அதுல ஊறிச் செத்துச்சு."

வாக்குக் கொடுத்துவிட்டவள் ஆதலின் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தாள்களை மடிக்கலானாள். அவள் போய்விட்டால் வரும் மழையில் தெரு மறுபடியும் மூழ்கும் என்பது பட்டறைக்காரருக்குத் தெரிந்தது. இம்முறை தெரிந்தே மூழ்கடித்தவர் ஆவார்.

"ஆபீஸால இல்ல," என்றார். "என்னால. கதவ வெல்டு வச்சு மூடினது நான். நீ சத்தம்னு சொன்னே, வச்சேன். எடுக்க மறந்துட்டேன்."

தையற்காரர் அவரை விட்டுவிட்டுப் பொறியாளர் பக்கம் திரும்பினார்.

"அப்ப வெல்டை வெட்டினாப் போதுமே. சுவரை ஏன் இடிக்கணும்?"

"கடல் ஏறி நிக்கிறப்போ கதவு எப்படியும் மூடித்தான் இருக்கும். அந்த நேரம் பெய்யிற மழை எங்க நிக்கும்? இப்ப உங்க வீட்டுக்குள்ள நிக்கும். ஓடை அகலமானா ஓடையில நிக்கும்."

"இத நீ முன்னாடியே சொன்னே. நான்தான் இந்த ஆள் பேச்சைக் கேட்டு உன்னைக் கல்லால அடிக்காத குறையா விரட்டினேன்." தையற்காரர் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்திட்டார். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக முன்னே வந்தார்கள்.

"நாளைக்குக் கடல் இறங்கினதும் நானே போய் அந்த வெல்டை வெட்டிடுறேன்," என்றார் பட்டறைக்காரர்.

"வேணாம். வேற ஆள் வரட்டும்," என்றார் தையற்காரர். "உன் கை இனி அந்தக் கதவுல படக் கூடாது."

அதை ஒருவரும் மறுக்கவில்லை. கொழுந்தியாளும் வேறு ஆளை அனுப்புவதாகக் குறித்துக்கொண்டு, அளவுநாடாவுடன் அடுத்த சுவருக்குப் போய்விட்டாள். பட்டறைக்காரர் உள்ளே சென்று, பின்சுவரில் சாய்த்திருந்த இரும்புப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி முன்பக்கம் அடுக்கத் தொடங்கினார். தெருவிலிருந்து ஒருவரும் கைகொடுக்க வரவில்லை.