பின்னாடி யாரு?

முகம் முழுக்க நுரையோடு ஆபீசர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகியும் அந்த சலூனில் அவருக்கு அதுதான் பெயர். கழுத்திலிருந்து முழங்கால் வரை வெள்ளைத் துணி, அதற்கடியில் கைகள். மூலையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த டிவியில் யார் பேரும் புகழுமாக வந்து நின்றாலும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பார்: “சரி, பின்னாடி யாரு?” பாட்டுக்காரிக்கு ஒரு தயாரிப்பாளர், பந்து வீசுகிறவனுக்கு ஒரு மாமனார் என்று ஆளுக்கொரு ஏணியை அவரே கண்டுபிடித்தும் கொடுப்பார். கடை விழுந்து விழுந்து சிரிக்கும். யார் காலையும் பிடிக்காததால்தான் தனக்குப் பதவி உயர்வு வரவில்லை என்பது அவர் கணக்கு. அவர் முதுகு வளையாமல் நின்றதே அந்தக் கணக்கின் பலத்தில்தான்.

இன்று திரையில் ஒரு பெண். தலையில் மஞ்சள் ஹெல்மெட். ஆற்றின் குறுக்கே புதிதாகத் திறந்த பெரிய பாலத்தைக் கட்டி முடித்த இன்ஜினியர் என்றார்கள்.

ஆபீசரின் மகள்.

கடையில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டுப் பெண்களின் பேச்சு வாசற்படி தாண்டக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டவர் அவர். மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள் என்பதைக்கூட அவர் இங்கே சொன்னதில்லை.

பெஞ்சில் காத்திருந்த லாரி புரோக்கர் குரல் கொடுத்தார். “என்ன ஆபீசர் சார், இந்தப் பொண்ணுக்குப் பின்னாடி யாரு?”

ஆபீசரின் கண் திரையிலேயே இருந்தது.

“சார் வாயில நுரை. சரி, நானே சொல்றேன்.” ஆபீசரைப் போலவே தொண்டையைச் செருமினார். “பாலம் சும்மா எழும்புமாய்யா? எந்தப் பெரிய மனுசன் வாசல்ல எத்தனை நாள் நின்னுச்சோ.”

சிரிப்பு. செருமல் அச்சு அசலாக இருந்தது.

அவள் எங்கே நின்றாள் என்று அவருக்குத் தெரியும். போன தடவை வீட்டுக்கு வந்தபோது, சேற்றுத் தண்ணீரிலேயே நின்று கால் விரலிடுக்கெல்லாம் புண். மருந்து வாங்கி வந்தவர் அவர்தான். ‘என் பொண்ணுய்யா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். ‘ஓ, அப்பா ஆபீசராச்சே!’ அவர் கேள்விக்கு அவரே விடையாகிவிடுவார்.

அப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியில் அதைப் பார்த்தார். கடையோடு சேர்ந்து, பழக்க தோஷத்தில், நுரைக்குள் அவர் உதடும் சிரித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு முன்னால் சீப்புகளுக்கு நடுவே வைத்திருந்த அவர் செல்போன் அதிர்ந்தது. அதில் ஹெல்மெட் இல்லாத அதே முகம். சவரம் செய்கிறவர் போனைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் ஆபீசரைப் பார்த்தார். கன்னத்தில் கத்தி நின்றது.

“எடுத்துத் தரட்டுமா சார்?” என்றார், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

துணிக்கடியில் கைகள் விளிம்பைத் தேடின, அகப்படவில்லை. மகளின் முகத்தோடு போன் கண்ணாடித் தட்டின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தது.