ஆயம் கேட்காத தோணிக்காரன்

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேறொரு கடிதத்தை எழுதி முடித்துவிட்டு அதைக் கொடுக்கப் பயந்துபோய்த்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். கடிதம் நான் வேலை செய்கிற கந்தோரில், என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு என் கையை நம்பிப் பிழைக்கப் போகிறேன் என்று இரண்டு வரி. திகதி மட்டும் போடவில்லை. மூன்று மாதமாகப் போடவில்லை.

துணிவில்லாதவன் என்ன செய்வான்? தன் தலைவலியை இன்னொருவன் தலையில் கட்டுவான். நான் கோணாமலையின் தலையில் கட்டினேன். பாவம், ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்து நாலாம் ஆண்டில் மட்டக்களப்பு வாவியில் தன்பாட்டில் கம்பு ஊன்றித் தோணி தாங்கிக்கொண்டிருந்த மனிதன் அவன்.

2.

தொடக்கம் ஒன்று: "வாவியின் நீர் அன்று விடியற்காலையில்..." வேண்டாம். வாவியை எல்லாரும் எழுதியாயிற்று. அதற்குப் பேர்போன பாடும் மீனும் இந்தக் கதையில் இல்லை.

தொடக்கம் இரண்டு: "கோணாமலை பிறந்தது படுவான்கரையில். அவனுடைய தகப்பன்..." தகப்பனுக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. வெட்டிவிட்டேன்.

தொடக்கம் மூன்று, இதுவே நிற்கட்டும்: நாவற்குடாவுக்குத் தெற்கே ஒரு துறை. எழுவான்கரையில் ஏறினால் மேற்கே படுவான்கரையில் இறங்கலாம். கடப்பதற்குத் தலைக்கு ஒரு சதம் ஆயம். (அந்தக் காலத்தில் ஒரு சதம்தானா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. இந்தக் கதையில் ஒரு சதம்.) துறையில் ஆயம் எடுக்கிற உரிமையை வருடத்துக்கு ஒருதரம் டவுனில் அரசாங்கக் கச்சேரியில் ஏலம் விடுவார்கள். எடுத்து நடத்தியவர் காத்தான்குடி சாலிஹ் முதலாளி. தோணி அவருடையது, ஆயப்பெட்டி அவருடையது. கம்பு பிடித்துத் தாங்கிய கை மட்டும் கோணாமலையுடையது. பதினொரு வருடம் கூலிக்குத் தாங்கினான்.

ஒருநாள் மத்தியானம் முதலாளி வந்து தோணியின் முன்பக்கம் அணியத்தில் குந்தினார். ஏறாவூர் ஸ்டேசனடியில் புடவைக்கடை போடப் போகிறாராம். இந்த முறை ஏலத்துக்குப் போகமாட்டாராம்.

"நீ எடு கோணாமலை. தோணிய வெச்சுக்க, காசெ ஆறுதலாத் தா. நீ எடுக்காட்டி டவுன்லருந்து ஆராவது வருவான்."

ஏலத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

3.

ஊருக்குச் சந்தோசம். கூலிக்காரன் முதலாளியாகிறான் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? நானும் முதல் பிரதியில் அவனுக்குக் கல்வீடு, ஒரு சோடி எருது, மனைவிக்கு அட்டியல் என்று கனவுகளை அள்ளிக் கொடுத்திருந்தேன். அவன் ஒன்றையும் வாங்கிக்கொள்ளவில்லை. அதையெல்லாம் வெட்டிவிட்டுக் கேட்டேன்: பின்னே உனக்கு என்னதான் வேண்டும்? எந்தக் கரையில் நின்றும் எவரும் கூசாமல் கூப்பிடக்கூடிய ஆளாக இருக்கவேண்டும் என்றான். அவ்வளவுதான். அந்த நிமிசமே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

அப்படித்தான் இருந்துமிருந்தான். விலைப்படாத தயிரோடு திரும்புகிறவர்களிடமும் பிள்ளைத்தாய்ச்சிகளிடமும் ஆயம் கேட்கமாட்டான். புண்ணியவான் என்று பெயர். இரவுச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது மனைவி புஸ்பத்திடம் பெருமையாகச் சொன்னான், துறை நம்முடையதானாலும் இல்லாதவர்களிடம் கேட்கமாட்டேன் என்று. புஸ்பம் சிரித்துக்கொண்டே கறியை ஊற்றினாள்.

"கடைத் தேங்காய எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்சீங்க. இனித் தேங்காய் நம்மட. உடைப்பீங்களா எண்டு பாப்பமே."

விளையாட்டாகச் சொன்னவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான். பதினொரு வருடப் புண்ணியம் தன்னுடையதா, சாலிஹ் முதலாளியுடையதா?

[குறிப்பு: முதலில் புஸ்பத்தை ஒரு நச்சரிப்புக்காரியாக எழுதியிருந்தேன். ஒரே வாய்ச்சொல்லில் கதையை என் கையிலிருந்து பறித்துவிட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.]

4.

மற்றவர்கள் என்றால் வரவு செலவு பார்த்திருப்பார்கள். நான் மூன்று மாதமாக அதைத்தான் பார்க்கிறேன். கோணாமலை பார்த்ததோ தன் கையை. ஏலம் வரைக்கும், ஆயம் கேட்காமல் ஏற்றுகிற ஒவ்வொருவருக்கும் தன் கூலியிலிருந்து ஒரு சதம் எடுத்துப் பெட்டியில் போடுவது என்று முடிவுகட்டினான். தேங்காய் தன்னுடையதானால் கை உடைக்குமா, ஒளிக்குமா என்று இப்போதே தெரிந்துவிடட்டும். இப்படி ஒரு யோசனை எனக்கு ஏழு பிறவி எடுத்தாலும் வராது.

முதல் மூன்று நாளும் சதம் பெட்டிக்குள் விழுந்த சத்தம் அவனுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. நாலாம் நாள் ஒரு பிள்ளைத்தாய்ச்சியிடம், புருசன் ஒரு சதம் தந்துவிடவில்லையா என்று கேட்டான். கேட்ட பிறகுதான் தன் குரல் தனக்கே விளங்கியது.

ஏழாம் நாள் காலை. தோணியில் ஐந்து பேர் இருந்தார்கள், இன்னும் ஓராளுக்கு இடம் இருந்தது. கரைப்பாதையில் ஹவ்வா உம்மா வருவது தெரிந்தது. காத்தான்குடிக்காரி, கைம்பெண். கண்ணாடிக் காப்புக் கூடையைத் தலையில் வைத்துப் படுவான்கரை ஊர்களில் வீடு வீடாக விற்கிறவள். பதினொரு வருடத்தில் ஒருநாள்கூட அவளிடம் அவன் ஆயம் கேட்டதில்லை. தூரத்தில் கூடையைக் கண்டாலே காத்து நிற்பான்.

அன்று தோணி புறப்பட்டுவிட்டது.

"கம்பு கை வழுவி..." என்று எழுதினேன். பொய். "ஏறியிருந்தவர்கள் அவசரப்படுத்த..." அதுவும் பொய், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளைக் கண்டான், கம்பை ஊன்றினான், தள்ளினான். அப்படியே எழுதிவிட்டு இரண்டு நாள் இந்தத் தாளைத் தொடவில்லை. எனக்கு வேண்டிய மனிதன் இப்படிச் செய்வதைப் பார்க்க மனம் வரவில்லை.

ஹவ்வா உம்மா கூப்பிடவில்லை. கூடையை இறக்கிக் கரையில் வைத்துவிட்டு நின்றாள்.

நடுவாவி வரைக்கும் அவன் போனான். பிறகு கம்பை மற்றப் பக்கம் மாற்றி ஊன்றித் தோணியைத் திருப்பினான். வயல் வட்டையில் தண்ணீர் கட்டப் போகிற ஒருவர் வாயில் வந்தபடி ஏசினார். "ஆளொண்டு நிக்குது" என்று மட்டும் சொன்னான். எழுதிக்கொண்டிருந்த நான் எழுந்து கைதட்டாத குறை.

5.

மறுகரையில் எல்லாரும் இறங்கிப் போன பிறகு ஹவ்வா உம்மாவிடம் கூடையை எடுத்துக் கொடுத்தபடி சொன்னான்.

"ராத்தா, உங்களக் கண்டுட்டுத்தான் தோணிய எடுத்தன்."

"தெரியும். எனக்குக் கண் இருக்கு."

மற்றதையும் சொன்னான். ஏலம், புஸ்பத்தின் பேச்சு, பெட்டியில் போடுகிற சதம், எல்லாவற்றையும். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நல்லாகச் சிரித்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சதத்தை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒவ்வொரு நாளும் கொண்டுதான் வாறன். நீ கேக்கல்ல. கேக்காத காசெ யாவாரக்காரி குடுப்பாளா? ஒனக்கும் அதில ஒரு சந்தோசம் இருந்திச்சு. நான் ஏன் கெடுக்க?"

பதினொரு வருடப் புண்ணியம் ஒரு சதத்தில் கவிழ்ந்தது. அவனுக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. கொஞ்சம் பொறுத்து அவனுக்கும் சிரிப்பு வந்தது. சொந்தத் தொழில் அவளை எப்படி ஆக்கியது என்று கேட்டான்.

"புள்ள பொறந்த ஊட்டுக்குக் காப்பு சும்மா குடுத்திருக்கன். கடன் கேக்கிறவளக் கண்டு வேற ஒழுங்கையால போயும் இருக்கன். ரெண்டும் நான்தான்."

அப்படியென்றால் துறையை எடுக்கவா வேண்டாமா என்றான். அதை என்னிடம் கேட்காதே என்று சொல்லிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

6.

முடிவு (அ): ஏலத்தில் எடுக்கிறான். கோணாமலை முதலாளி. சில நாள் கூடையைக் கண்டு காத்து நிற்பான், சில நாள் தள்ளிவிடுவான். தள்ளிய நாளில் அவனுக்கு நித்திரை வராது.

முடிவு (ஆ): எடுக்காமல் கூலிக்காரனாகவே இருக்கிறான். டவுனிலிருந்து வந்த புது முதலாளி முதல் நாளே சொல்கிறான்: காசில்லாத ஒருத்தரையும் ஏற்றக்கூடாது. இதை எழுதியபோது என் பேனா நின்றுவிட்டது. கூலிக்காரனின் நல்லதனம் முதலாளி மாறும் வரைக்கும்தான் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. லாச்சியைத் திறந்து கடிதத்தைப் பார்த்தேன்.

முடிவு (இ): "சாலிஹ் முதலாளி மனம் மாறித் திரும்பி வந்து..." சீ. இது வேண்டாம்.

7.

பன்னிரண்டாம் நாள். வெளுத்த வேட்டி, தோளில் சால்வை. மடியில் புஸ்பம் கொடுத்த அட்டியல் அடகுக் காசு. (அட்டியல் அவளிடம் முன்பே இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.) எதற்கும் கொண்டுபோங்கள், எடுப்பதும் விடுவதும் உங்கள் மனம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். படுவான்கரையிலிருந்து தன் கையாலேயே தோணியைத் தாங்கிக்கொண்டு வந்தான். இறங்குவதற்கு முன், இன்றைக்கு நானும் ஏறி வந்த ஓராள்தானே என்று தன் ஆயம் ஒரு சதத்தைப் பெட்டியில் போட்டான். சத்தம் கேட்டது. இனிப்பாக இருந்ததா கசப்பாக இருந்ததா என்று அவன் சொல்லவில்லை. டவுன் பக்கம் நடந்தான்.

கச்சேரி வாசல் வரைக்கும் நான் அவனோடு போகவில்லை. பன்னிரண்டு நாளில் தன்னை இவ்வளவு தெரிந்துகொண்ட மனிதனுக்கு நான் யார் முடிவு சொல்ல? என் கடிதத்தில் நேற்றுத் திகதி போட்டேன். பென்சிலால்.

மிச்சம் உங்களிடம். நாளைக் காலை அந்தத் துறைக்குப் போங்கள். முந்தானையோ மடியோ, ஒரு சதத்தை முடிந்துகொள்ளுங்கள். அவன் கேட்டால் கொடுங்கள். கேட்காவிட்டாலும் கொடுங்கள், பதினொரு வருடம் காக்க வைக்காதீர்கள். உங்களைக் கண்டும் தோணி தள்ளிப் போகிறதென்றால் கூப்பிடவேண்டாம். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நில்லுங்கள். தோணி யாருடையதாக இருந்தாலும் நடுவாவியில் திரும்பும். அந்த ஒரு வரியை மட்டும் நான் மையால் எழுதியிருக்கிறேன்.