வல்லினக் குறவை

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல, பஸ்ஸில் ஒட்டுக்கேட்டது. மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர் வரைக்கும் என் பின் இருக்கையில் இரண்டு பல்கலைக்கழகப் பிள்ளைகள் சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள். முடிவு வருவதற்குள் இறங்கிவிட்டார்கள். முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு என்னைக் குறைசொல்லக் கூடாது.

தொடக்கம் இப்படி எழுதினேன்: "வாவியில் நிலவு மிதந்த அந்த இரவில், பஸ்னா தன்—"

(அடித்துவிட்டேன். நடந்தது பட்டப்பகலில். எங்கள் ஊர்க் கதைகளில் இந்த நிலவு கூப்பிடாமலே வந்து குந்திக்கொள்கிறது.)

2

ஒருத்தி பஸ்னா, ஏறாவூர். மற்றவள் கம்சாயினி, கிரான். (பெயர்கள் நான் வைத்தவை.) இருவரும் இசையியல் இறுதி வருடம். பஸ்னா ஆய்வுக்கு எடுத்தது குரவை: கல்யாண வீட்டில் பெண்கள் நாவைச் சுழற்றி எழுப்பும் ஒலி. அது இசையா, வெறும் சத்தமா, அதைச் சுரப்படுத்தலாமா என்பது கேள்வி. இரண்டு பேர் வீட்டுக் கல்யாணத்திலும் குரவை உண்டு என்பதால் எனக்கும் கேள்வி பிடித்துப்போயிற்று.

தலைப்பைத் தட்டச்சு செய்தவள் கம்சாயினி. இடையின ர வரவேண்டிய இடத்தில் வல்லின ற போட்டுவிட்டாள். குறவை என்றால் மீன்.*

வேறு ஊரென்றால் ஆய்வுக்குழு சிரித்திருக்கும். எங்கள் வாவியில் மீன் பாடும் என்று கேட்டே வளர்ந்தவர்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் கனகசிங்கம் மட்டும் கேட்டார்:

"ஒலிவாங்கிய எவ்வளவு ஆழத்துக்கு இறக்குவீங்க, பிள்ளை?"

ஆய்வின் ஆழத்தைக் கேட்கிறார் என்று பஸ்னா நினைத்தாள். "ஏலுமான மட்டும் ஆழமா, சேர்."

குழு தலையாட்டியது. அனுமதி.

(ஒரு பேராசிரியர் இப்படி ஏமாறுவாரா என்று நானும் யோசித்தேன். யோசித்துவிட்டு, அவரை அப்படியே விட்டுவிட்டேன்.)

* அதுவும் குளத்து மீன். வாவியில் பாடுவதாக அதன்மேல் ஒரு புகாரும் இல்லை.

3

அதற்கு முன்னமே பஸ்னாவுக்கு வேறொரு தலையிடி. ஒலிப்பதிவுக்காக அவளுடைய உம்மா ஆமினாவிடம் ஒரு குரவை கேட்டிருந்தாள்.

"நல்ல காரியம் ஒண்டுமில்லாம குரவ போட ஏலுமா? சனம் மாப்புள எங்கெண்டெல்லோ கேக்கும்!"

அவதானித்தால் அவதானிக்கப்படுவது மாறிவிடும் என்று முறையியல் சொல்கிறது. இங்கே அது தொடங்கவே மறுத்தது.

அனுமதி கிடைத்ததும் பஸ்னா வீட்டுக்குப் போன் எடுத்தாள். "உம்மா, பாஸ்!" ஆமினா போட்டாரே ஒரு குரவை! கம்சாயினி தன் போனில் அதைப் பதிவுசெய்துவிட்டாள். கேட்டு எடுத்ததல்ல, தானாக வந்தது. அன்று பின்னேரமே அனுமதிக் கடிதமும் வந்தது, வல்லின றவோடு; அப்போதுதான் இருவரும் பிழையைக் கண்டார்கள்.

பஸ்ஸில் சண்டை இதுதான்.

"சேரிட்ட சொல்லுகா. ஒரு எழுத்துத்தானே."

"சொன்னா தலைப்புத் திரும்பவும் குழுவுக்குப் போகும். பாஸ் இல்லாமப் போனா எங்கட உம்மா எதுக்குக் குரவ போட்டா?"

படிப்பு ஒரு தவணை பிந்துவதைவிட, உம்மாவின் குரவை காரணமற்றுப் போவதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அந்த இடத்தில் எனக்கு அவள்மேல் பாசமே வந்துவிட்டது.

4

முடிவு ஒன்று: பஸ்னா வாய்திறக்காமல் தோணி ஏறி, தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, மீன்—

(வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு நீச்சல் தெரியாது.)

முடிவு இரண்டு: பேராசிரியர் கோபத்தில்—

(அதுவும் வேண்டாம். இன்று எனக்கு மனம் நல்லாயிருக்கிறது.)

நான் கண்டது இவ்வளவுதான். ஏறாவூரில் இறங்கி, பஸ் கிளம்புமுன் பஸ்னா போனைக் காதில் வைத்தாள். "சேர், தலைப்பில ஒரு எழுத்து..." மிச்சத்தை இரைச்சல் விழுங்கிவிட்டது.

பஸ் கொஞ்சத் தூரம் போனபின் பின்னாலிருந்து ஒரு குரவை கேட்டது. இளம் குரல், ஒன்றா இரண்டா, தெரியாது. ஊருக்குள் அன்று கல்யாணம் ஏதும் இருந்ததா என்று நான் விசாரிக்கவில்லை, இனியும் விசாரிக்க மாட்டேன்.

நல்ல காரியம் இல்லாமல் குரவை போட ஏலாது என்று ஆமினா சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். இனி உங்கள் பாடு.